ரதி அக்கா நின்ற பிணை

முப்பத்தாறு வயதில் ஒருவன் தன்னை ஓய்வுபெற்றவன் என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் ரொறன்ரோ நீதிமன்றங்களில் தமிழ் உரைபெயர்ப்பாளனாகப் பார்த்த வேலையை நான் விட்டுவிட்டேன். திரும்பிப் போகப் போவதுமில்லை. அந்த வேலையைப் பொறுத்தவரை நான் ஓய்வுபெற்றவன்தான்.

இதை எழுதத் தூண்டியவர்கள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இரண்டு பேர். இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். இப்போது பிணை விசாரணைகளில் பல கணினித் திரையில் நடப்பதால், அவர்கள் இன்னும் ஒரு பிணையாளின் பக்கத்தில் நின்றதேயில்லை. ஸ்காபரோவில் ஒரு கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அண்ணா, நீங்கள் செய்ததில உங்களுக்கு உண்மையா ஷொக் அடிச்ச கேஸ் எது?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். ஏதாவது கொலை வழக்கைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் ஒரு பிணை விசாரணையைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது ரொட்டி ஆறிப் போயிருந்தது.

பிணை விசாரணையில் வெளிவருவதை வழக்கு முடியும்வரை பிரசுரிக்கக் கூடாதென்று வழக்கமாகத் தடை போடுவார்கள். அந்த வழக்கு முடிந்து கனகாலம். அப்படியிருந்தும் பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவியவர். அம்மா தொழிற்சாலையில் பொதி கட்டியவர். பரீட்சை எழுதி, சத்தியம் செய்து, கழுத்தில் அடையாள அட்டையோடு நான் நீதிமன்றத்துக்குப் போகத் தொடங்கியதும் சொந்தக்காரரில் பாதிப் பேர் என்னை அப்புக்காத்து, பெரிய வக்கீல், ஆக்கிவிட்டார்கள். கார் வேகமாக ஓட்டிப் பிடிபட்ட ஒரு மாமா, "தம்பி கோட்டிலதானே நிக்கிறீர், ஜட்ஜோட ஒருக்காக் கதைச்சு விடுமன்" என்று தொலைபேசி எடுத்தார். நீதிபதியோடு நான் சொந்தமாக ஒரு சொல்லும் பேசக்கூடாது என்பதை அவர் இன்றுவரை நம்பவில்லை.

பயிற்சியில் சொல்லித் தந்தது இவ்வளவுதான்: எதையும் கூட்டக்கூடாது, விடக்கூடாது, திருத்தக்கூடாது. சாட்சி 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்க முடியாது. அப்படியே பல வருடம், நான் அவனை அடித்தேன், நான் அவனைப் பெற்றவள், எனக்குச் சர்க்கரை வியாதி என்று என் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிணை நீதிமன்றத்தில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரால் வந்தது. மிசிசாகாவில் கணினி நிறுவனமொன்றில் வேலை செய்பவர். அவருடைய அறைத் தோழனைப் பொலிஸ் பிடித்திருந்தது. அவர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள தெருவெல்லாம் நடந்து பார்த்துவிட்டு வியர்த்துப்போய் உள்ளே வந்து, என் அட்டையில் தமிழைக் கண்டதும், "பாஸ், இந்த பெயில் பாண்ட் கடையெல்லாம் எந்தப் பக்கம்? கூகிள்ல போட்டா அமெரிக்காவைக் காட்டுது" என்று கேட்டார். நான் அவரை அரசாங்கச் செலவில் அங்கே இருக்கும் சட்டத்தரணியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அவருக்குக் கிடைத்த விளக்கத்தை உரைபெயர்த்தபோதுதான் எனக்கும் முழுவதும் விளங்கியது.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு பிணை நிற்பது ஒரு வியாபாரம். மாநிலத்துக்கு மாநிலம் அதற்கு உரிமப் பத்திரம், விதி, கட்டண வரம்பு எல்லாம் உண்டு. சில மாநிலங்கள் அதை அடியோடு தடைசெய்தும் இருக்கின்றன. கனடாவில் குற்றவியல் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. நீதிமன்றத்தை நடத்துவதும் நீதவானை நியமிப்பதும் மாகாணம். இங்கே அந்த வியாபாரம் எந்த மாகாணத்திலும் கிடையாது. அநேகமாக யாரும் முன்கூட்டிக் காசு கட்டுவதில்லை. சிக்கலான வழக்கென்றால் தெரிந்தவர் ஒருவர் பிணையாளாக வந்து, 'இவரை நான் பார்த்துக்கொள்வேன், நிபந்தனையை மீறினால் பொலிசுக்குச் சொல்வேன், தவறினால் இவ்வளவு தொகைக்கு நான் பொறுப்பு' என்று நீதிமன்றத்துக்கு வாக்குக் கொடுக்க வேண்டும்.

"காசே வாங்காம எப்படி சார் நம்புவாங்க?" என்று தமிழ்நாட்டுக்காரர் மலைத்துப்போய்க் கேட்டார். சட்டத்தரணி, "உங்களை நம்புவார்கள்" என்றார். அதுதான் அவருக்கு இன்னும் பெரிய பயமாக இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு வேறு விதமான தடுமாற்றம். பிணை என்றால் கையெழுத்து என்று நினைப்பார்கள். வங்கிக் கடனுக்கும் வாடகை வீட்டுக்கும் ஒருவருக்கொருவர் கையெழுத்து வைத்துப் பழகியவர்கள். ஒரு தகப்பன் சாட்சிக் கூண்டில் ஏறும்போதே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். மகன் வீடு திரும்பாவிட்டால் பொலிசைக் கூப்பிடுவீர்களா என்று கேட்டதற்கு, "பொலிஸ் என்னத்துக்கு? நானே காலை முறிச்சுப்போடுவன்" என்றார். மகனுக்கு அன்று பிணை கிடைக்கவில்லை.

அந்தத் தகப்பனையும் பிறகு நான் சொல்ல வந்த வழக்கின் பிணையாள் ரதி அக்காவையும் விசாரித்தவர் ஒரே நீதவான். இந்த நீதவான்களை ஜே.பி. என்பார்கள். எங்கள் இலங்கையில் ஜே.பி. என்றால் நற்சான்றிதழில் கையெழுத்து வைப்பவர். இங்கே ஜே.பி. ஒருவரை உள்ளே வைப்பதா வெளியே விடுவதா என்று தீர்மானிக்கிறவர். அவர் சட்டம் படித்தவராக இருக்க வேண்டுமென்றும் இல்லை. இவர் முன்பு பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு வசனம் பேசுவார், சுட்டுவிரலை மேசையில் வைப்பார், நான் தமிழில் சொல்லி முடித்ததும் விரலை எடுத்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போவார். சாட்சி என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னால், "கேட்டது நான். என்னைப் பாருங்கள்" என்பார். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். ஒரு பிணையாள் வாயைத் திறக்கும் முன்னரே நிபந்தனைகளை ஒவ்வொன்றாக விளக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைப்பார். சட்டத்தரணிகள் அவரிடம் நேரம் போகிறதென்று முணுமுணுப்பார்கள். எனக்கு அவருடைய மன்றத்தில் வேலை செய்யத்தான் விருப்பம்.

நான் சொன்ன அந்த வழக்கில் பிடிபட்டிருந்தவன் கஜன், இருபத்திரண்டு வயது. ஒரு பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில் நடந்த அடிபாட்டில் ஒருவருடைய கை முறிந்திருந்தது. தகப்பன் பிணை நின்று வெளியே எடுத்திருந்தார். கஜன் இரவில் வீட்டுக்கு வெளியே போகக்கூடாதென்ற நிபந்தனையை மீறிப் பிடிபட்டான். தகப்பன் தெரிந்தும் பேசாமல் இருந்தார் என்று பொலிஸ் சொன்னது. ஆகவே தகப்பனும் சரிவராது, அதே வீட்டிலிருந்த தாய் சரோஜாவும் சரிவராது. இந்த முறை, ஏன் விட வேண்டும் என்பதைக் கஜன் பக்கம்தான் காட்ட வேண்டும். சரியான பிணையாள் கிடைக்காவிட்டால் வழக்கு விசாரணை முடியும்வரை அவன் சிறையில்தான்.

வந்தவர் ரதி அக்கா. வெக்ஸ்போர்ட்டில் சொந்த வீடு. புருசன் இறந்துவிட்டார், மகள் கலியாணம் முடித்துப் போய்விட்டாள். சரோஜாவும் ரதி அக்காவும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பொதி கட்டியவர்கள். கஜன் அவருடைய வீட்டில், அவருடைய கண்ணெதிரே இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. இரத்தச் சொந்தம் இல்லை; ஆனால் சரோஜா இரவு வேலைக்குப் போன காலத்தில் சின்னக் கஜனைப் பார்த்து வளர்த்தவர் இவர்தான்.

நான் அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் பல பிணையாள்களோடு நின்றிருக்கிறேன். இவ்வளவு நல்ல பிணையாளைக் கண்டதில்லை. கீதையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். நீதவானை மட்டுமே பார்த்துப் பேசினார். கஜன் எந்த அறையில் படுப்பான், வெளிக்கதவு திறந்தால் தனக்கு எப்படிக் கேட்கும், தான் கோயிலுக்குப் போகும்போது அவனையும் இழுத்துக்கொண்டு போவது எப்படி என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தார். "அவன் கோயிலுக்கு வரமாட்டேன் என்றால்?" என்று நீதவான் கேட்க, "அப்ப சாமிக்கு நான் வீட்டில இருந்து கும்பிடுறன்" என்றார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்ற கஜன் சிரித்துவிட்டான்.

அரச தரப்பு வழக்கறிஞர் ஒரு இளம்பெண். அவர் நேரே விஷயத்துக்கு வந்தார். அவன் நிபந்தனையை மீறினால், தாய் வந்து காலில் விழுந்தாலும், பொலிசுக்குச் சொல்வீர்களா?

"ஓம். அந்த நிமிசமே எடுப்பன்" என்றார் ரதி அக்கா. யோசிக்கவேயில்லை.

வழக்கறிஞரே திருப்திப்பட்டது போலத் தெரிந்தது. கடைசியாக, எல்லாப் பிணையாளிடமும் கேட்கும் வழமையான கேள்வியைக் கேட்டார். பிணை நிற்பதற்காக, அல்லது உங்களுக்கு நட்டம் வந்தால் ஈடுசெய்வதற்காக, யாராவது உங்களுக்கு ஏதாவது தந்தார்களா, தருவதாகச் சொன்னார்களா? எல்லோரும் 'இல்லை' என்று சொல்லிவிட்டு இறங்கும் கேள்வி அது.

ரதி அக்கா நிமிர்ந்து நின்றார். "ஓம். சரோ தன்ர தாலிக்கொடியைக் கழட்டித் தந்தவ. நான் வேண்டாம் எண்டனான். வெறுங்கையோட உன்னை முன்னுக்கு நிக்க விடமாட்டன், எனக்காக உன்ர வீடு போனா இதை வைச்சு மீட்டெடு எண்டு கையில வைச்சிட்டா. சாமிப் படத்துக்கு முன்னால வைச்சிருக்கிறன்."

அதை அவர் ஒரு பெருமையோடுதான் சொன்னார். தன் சிநேகிதி எப்படிப்பட்ட மனுசி என்று நீதிமன்றத்துக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி.

பிணையாளுக்கு நட்டம் வராமல் ஈடு கொடுப்பதும் வாங்குவதும் கனடாவில் குற்றம். நீதிக்குத் தடை போடுவது என்ற பிரிவில் அது அடங்கும். பிணையாளுக்கு இழக்க ஒன்றும் இல்லையென்றால் அவர் ஏன் கண் வைத்திருக்கப்போகிறார் என்பதுதான் சட்டத்தின் நியாயம். அமெரிக்காவின் பிணைக் கடைகள் இங்கே இல்லாததற்கும் அதுவே காரணம். அந்தப் பெண் சத்தியம் செய்த இடத்தில் நின்று, மூன்றாவது வரிசையில் இருந்த தன் சிநேகிதியையும் தன்னையும் குற்றவாளி ஆக்கியிருந்தார். அவருக்கு அது தெரியாது. அந்த மன்றத்தில் அப்போது தமிழ் விளங்கியவர்களில் எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஓம், சரோ தன் தாலியைக் கழற்றி எனக்குத் தந்தாள் என்று, 'எனக்கு' என்றே சொன்னேன்.

எழுதிக்கொண்டிருந்த வழக்கறிஞரின் கை நின்றது. நீதவான் விரலை மேசையில் வைத்தார். எடுக்கவில்லை. தாலிக்கொடி என்றால் என்னவென்று நான் விளக்கவா என்று கேட்டேன். சாட்சியையே கேட்கிறேன் என்றார்.

"கலியாணத்தில கட்டுறது. புருசன் இருக்குமட்டும் கழட்டுறேல்லை."

"அப்படியானால் அவர் ஏன் கழற்றினார்?"

"பிள்ளைக்காக."

அப்போதுதான் நான் சரோஜாவைத் திரும்பிப் பார்த்தேன். குளிர்ச்சட்டைக் கழுத்துக்குள் ஒரு மஞ்சள் கயிறு தெரிந்தது. பக்கத்தில் அவருடைய புருசன், தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கஜனுக்கு இந்த விஷயம் தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். அவன் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துத் தாயின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நீதவான் விசாரணையை நிறுத்தினார். இனி ஒரு கேள்வியும் கேட்கப்படக் கூடாது, இந்த அம்மையாருக்குத் தனியே ஒரு சட்டத்தரணி வேண்டும் என்றார். அடுத்த நாளுக்குத் தள்ளிவைத்தார்.

நடைபாதையில் சரோஜா என்னிடம் வந்தார். கோபம் இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது. "தம்பி, நீங்களும் எங்கட ஆள்தானே. அந்த ஒரு வசனத்தை விட்டிருக்கலாமெல்லோ?"

"அம்மா, வழக்கைப் பற்றி உங்களோட நான் கதைக்கேலாது" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அதுதான் விதி. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், தாலிக்கொடியைக் கழற்றி யாருக்காவது ஈடு வைத்ததுண்டா என்று மட்டும் கேட்டேன். "ஒருத்தர் எங்களுக்காக நிக்கேக்க குடுக்காமல் விட்டா நாங்கள் என்ன மனுசர்?" என்றார் அம்மா.

மறுநாள் காலை அரச தரப்பு வழக்கறிஞர் எழுந்து, நகை திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டதாக அறிகிறேன், அறியாமல் நடந்ததாகவே கொள்கிறேன், யார் மீதும் குற்றம் சுமத்தும் எண்ணமில்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் பிணையாளைத் தான் இப்போது நம்புவதற்கில்லை என்றும் சொன்னார்.

ரதி அக்கா மறுபடி கூண்டில் ஏறினார். முதல் நாள் பார்த்த அதே ஆள் இல்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். நீதவான் அவருக்குச் சட்டத்தைப் பொறுமையாக விளக்கினார். ஒரு வசனம், விரல், அடுத்த வசனம். "உங்கள் சொந்தச் சொத்தை இழக்க நேரிடும் என்ற பயம் உங்களுக்கு இருக்க வேண்டும். அந்தப் பயம்தான் உங்களை விழிப்பாக வைத்திருக்கும். உங்கள் சிநேகிதி அந்தப் பயத்தை உங்களிடமிருந்து எடுத்துவிட்டார். இப்போது அது திரும்பி வந்திருக்கிறது. விளங்குகிறதா?"

விளங்கியது என்றார். பிறகு நீதவான் முதல் நாள் கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்டார். கஜன் நிபந்தனையை மீறினால் பொலிசுக்குச் சொல்வீர்களா?

ரதி அக்கா என்னைப் பார்த்தார். நீதவான் வழக்கம்போல, என்னைப் பாருங்கள் என்றார். அதைத் தமிழில் சொன்னேன். அவர் நீதவானைப் பார்த்தார்.

"ஐயா, நேற்று எண்டா ஓம். சரோவின்ர தாலி என்ர பொறுப்பில இருந்தது. அது போகவிடேலாது, அதுக்காக அவனைப் பிடிச்சுக் குடுத்திருப்பன். இப்ப இருக்கிறது என்ர வீடு மட்டும்தான்." சேலைத் தலைப்பை விட்டுவிட்டு, "என்ர வீடு எண்டா போனாப் போகட்டும். அதுக்காக நான் வளர்த்த பிள்ளையைப் பொலிசுக்குக் குடுக்க மாட்டன்" என்றார்.

அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவ்வளவு வருட வேலையில் அப்படி எனக்கு நடந்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குள் கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து கஜன் கத்தினான். "அன்ரி, ஜஸ்ட் சே யெஸ்! சும்மா ஓம் எண்டு சொல்லுங்கோ!"

காவலர் அவன் தோளைப் பிடித்தார். ரதி அக்கா அவன் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்: "சத்தியம் பண்ணிப்போட்டு நிக்கிறன் ராசா."

நீதவான் எனக்காகக் காத்திருந்தார். நான் முழுவதையும் சொன்னேன். என் வீடு போனால் போகட்டும், நான் அவனைக் கொடுக்க மாட்டேன் என்று என் குரலில் சொன்னேன். அவர் நெடுநேரம் எழுதினார். நேற்றைய பிணையாளைத் தன்னால் ஏற்றிருக்க முடியாது, ஏனென்றால் அவர் கையில் ஈடு இருந்தது. இன்றைய பிணையாளையும் ஏற்க முடியாது, ஏனென்றால் தான் செய்யமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். பிணை மறுக்கப்படுகிறது. இதை வாசிக்கும்போது அவர் ரதி அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரையும் தன்னைப் பார்க்கச் சொல்கிற மனிதர்.

வெளியே நடைபாதை வாங்கில் ரதி அக்கா உட்கார்ந்திருக்க, சரோஜா எதிரில் நின்றார். இப்போது அவருடைய கழுத்தில் கொடி இருந்தது. "நேற்று ஓம் எண்டனி. ஒரு இரவில என்னடி உனக்கு நடந்தது?" என்று கேட்டார். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்த குரல்.

"நேற்று உன்ர தாலி என்ர வீட்டில இருந்தது" என்றார் ரதி அக்கா.

சட்டம் அறிந்த சிலரிடம் நான் இதுபற்றிப் பேசிப் பார்த்ததுண்டு. சட்டம் சரி என்பார்கள். நானும் அதை மறுக்கவில்லை. ஈடு வாங்கிக்கொண்டு பிணை நிற்க அனுமதித்தால் நாளைக்கே அதற்கு ஒரு கடை திறந்துவிடுவார்கள், காசுள்ளவன் மட்டும் வெளியே வருவான். ஆனால் தன் பொருளைவிட மற்றவள் பொருளுக்குப் பயப்படுகிற ஒரு மனுசியைச் சட்டம் கணக்கில் எடுத்திருக்கவில்லை. எனக்கு அடித்த ஷொக் அதுதான்.

கஜன் பல வாரங்கள் உள்ளே இருந்தான். பிறகு மேல்நீதிமன்றத்தில் பிணையை மீளாய்வு செய்தார்கள். அங்கே நான் வேலை செய்யவில்லை. உரைபெயர்த்த நண்பர் சொன்னார். மிசிசாகாவில் இருக்கும் தாய்மாமன் ஒருவர் பிணை நின்றாராம். பையனைக் கடைசியாக எப்போது கண்டீர்கள் என்று கேட்டதற்கு, சில வருடத்துக்கு முந்தி, யாருடையதோ மகள் பெரிய பிள்ளையானதுக்கு நடந்த சாமத்தியவீட்டில் கண்டதாகச் சொன்னாராம். பொலிசுக்குச் சொல்வீர்களா என்றதற்கு ஓம் என்றாராம். யாரும் அவருக்கு எதுவும் தரவில்லை. அவரை ஏற்றுக்கொண்டார்கள்.